அண்ணியும் இங்கிலீஷ் பேப்பரும்

என் அண்ணிக்கு அரசாங்க வேலை மேல் ஆசை வந்ததற்குக் காரணம் கால்வலி. பெரிய லட்சியம் எதுவும் கிடையாது என்று அவரே சொல்வார். பதினோரு வருஷமாகக் கண்ணாடிக்கடையில் வேலை. காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தால் மாலை ஏழு வரை நின்றபடியேதான். வருகிறவர்களை உட்கார வைத்து, கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகச் சொருகி, "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா" என்று கேட்க வேண்டும். அப்புறம் ஃபிரேம் எடுத்துக் காட்ட வேண்டும். காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்று திரும்பி வருகிறவர்களுக்குக் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுக்க வேண்டும்.

"ஊர்ல பாதிப் பேரை உட்கார வெச்சாச்சு. நான் எப்ப உட்கார்றது?" என்று ஒருநாள் வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு கேட்டார். அடுத்த வாரமே உதவியாளர் பணிக்கான போட்டித் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். என்னைக் கேட்காமல் எனக்கும் சேர்த்துப் போட்டார்.

நான் அப்போது ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல் பதிவு செய்யும் கவுன்ட்டரில் இருந்தேன். எனக்கு இருபத்தேழு வயது, அண்ணிக்கு முப்பத்துமூன்று. அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு முப்பத்தைந்து.

முதல் தடவை ரெண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகக் கவிழ்ந்தோம். கவிழ்ந்த விதம்தான் வேறு. கணக்கில் அண்ணிக்கு ஐம்பதுக்கு நாற்பத்துமூன்று, எனக்குப் பன்னிரண்டு. இங்கிலீஷில் எனக்கு முப்பத்தொன்று, அண்ணிக்குப் பதினாலு. ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது இருபது எடுத்தால்தான் மொத்த மதிப்பெண்ணையே திரும்பிப் பார்ப்பார்கள்.

என் அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ரெண்டு பேருடைய மதிப்பெண் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு பழுதான மோட்டாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "உங்க ரெண்டு பேரையும் கழட்டி ஒரே ஆளா மாட்டினா இந்நேரம் வேலைக்குப் போயிருக்கும்" என்றான்.

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அண்ணி கோபிக்கவில்லை. "சரியாத்தானே சொல்றார். நீ எனக்கு இங்கிலீஷ் பாரு, நான் உனக்குக் கணக்கு பார்க்கறேன். அடுத்த தடவைதான் எனக்குக் கடைசி" என்றார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தைப் புத்தகம். நாலாயிரம் சொல், அர்த்தம், எதிர்ச்சொல், பின்னால் ஐந்நூறு மரபுத்தொடர். அது தலையணை கனம். அவர் கடைக்குக் கொண்டுபோனால் எனக்கு இல்லை, நான் கொண்டுபோனால் அவருக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி காய் நறுக்கும் கத்தியை எடுத்து, புத்தகத்தை முதுகோடு ரெண்டாகப் பிளந்து, டேப் ஒட்டி, எல் எழுத்து வரைக்கும் தான் வைத்துக்கொண்டு மிச்சத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். மாசம் ஒருமுறை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

அண்ணி உழைப்பாளி. ஒரு நாளைக்கு முப்பது சொல் என்று கணக்கு வைத்து, குக்கர் விசில் அடிக்க அடிக்க மனப்பாடம் செய்வார். "கேண்டிட், வெளிப்படையான. காஷியஸ், எச்சரிக்கையான" என்று சமையலறையிலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். நான் கேள்வி கேட்டால் மழை மாதிரி பதில் வரும். ஆனால் ஒரு வாக்கியத்தில் வைத்துக் கேட்டால் முழிப்பார். கடைசியில் இருப்பதை முதலில் கேட்டால் மொத்தமும் சரிந்துவிடும்.

இது எங்கே கோளாறு என்று எங்களுக்குப் புரியவில்லை. ஒரு பஸ் டிரைவர் வந்துதான் புரிய வைத்தார்.

அவர் அண்ணியின் கடைக்கு வந்தது கண் பரிசோதனைக்கு. வரும்போதே, "எனக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்லைங்க. டிப்போல எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க, அதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அண்ணி விளக்கைப் போட்டு, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைக் காட்டி, மேலிருந்து படிக்கச் சொன்னார். டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய எழுத்திலிருந்து கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும் ஒரே மூச்சில், ஒரு தடங்கல் இல்லாமல், இங்கிலீஷ் எழுத்துகளாகச் சொல்லி முடித்தார்.

அண்ணி பலகையைத் திரும்பிப் பார்த்தார். அன்று காலை பலகையைத் துடைத்தபோது அதைத் திருப்பி மாட்டியிருந்தார். அந்தப் பக்கம் இருந்தது தமிழ் எழுத்து.

"சார், போன வருஷமும் நம்ம கடைக்கு வந்தீங்களா?"

"ஆமாம்மா. ஏன்?"

"பலகை இப்ப தமிழ்ல இருக்கு."

டிரைவர் கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்தார். "தமிழா? அப்ப இன்னும் சுலபம்தான். முதல் எழுத்து எதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டிரைவரும் சிரித்துவிட்டார். கண்ணாடி போட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்று பயந்து, போன வருஷம் காத்திருந்த நேரத்தில் பலகையை உருப்போட்டிருக்கிறார், பாவம். கண்ணாடியோடு ஓட்டலாம், தடை எதுவும் இல்லை என்று அண்ணி எடுத்துச் சொல்லி, பவர் பார்த்து, நாலு நாளில் கண்ணாடி தயார் செய்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று, எதிர்ச்சாரியில் இருந்த பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாராம். மூன்று கடை தள்ளியிருந்த தையல்கடைப் பலகையில் போன் நம்பரைக்கூட விடவில்லையாம்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல், "எனக்கு என்ன கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். "நானும் அந்த டிரைவர் மாதிரிதான். பார்க்காமலே ஒப்பிச்சுட்டிருக்கேன். பலகையைத் திருப்பினா காலி."

அதற்கப்புறம் அண்ணி படித்த முறையே மாறிப்போனது. ஒரு சொல்லைப் படித்தால், அந்தச் சொல்லுக்கு ஏற்ற ஆள் ஒருவர் கடைக்கு வரும்வரை அதை விடமாட்டார். நாற்பது ஃபிரேம் போட்டுப் பார்த்துவிட்டு "இன்னும் புதுசா ஏதாவது வருமா" என்று கேட்ட பெண்மணி 'ஃபாஸ்டிடியஸ்'. உடைந்த ஃபிரேமை நூல் சுற்றி நாலு வருஷம் ஓட்டியவர் 'ஃப்ரூகல்'. சரிசெய்த கண்ணாடியை வாங்க "நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்" என்று எட்டு மாசம் இழுத்த தாசில்தார் ஆபீஸ்காரர் 'ப்ரோக்ராஸ்டினேட்'. கண்ணாடி போடமாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற சிறுமி 'ரெலக்டன்ட்'.

சொல்லோடு ஒரு முகம் ஒட்டிக்கொண்டதும் அது மறக்கவே இல்லை. "இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க அண்ணி?" என்று கேட்டால், "ஒரு ஹாட்டி, ரெண்டு டிமிட், ஒரு லெதார்ஜிக்" என்று பதில் வரும். ஹாட்டி என்றால் திமிர் பிடித்தவர், டிமிட் என்றால் கூச்சப்படுகிறவர், லெதார்ஜிக் என்றால் சோம்பி வழிகிறவர். புத்தகத்தில் இருந்ததைவிட எனக்கும் இப்படித்தான் நன்றாக நினைவிருந்தது.

இந்த உற்சாகத்தில் அண்ணி ஒரு காரியம் செய்தார். லென்ஸ் வெட்டும் அறைக்குப் போகும் ஆர்டர் சீட்டில் வாடிக்கையாளர் பெயருக்குக் கீழே, பென்சிலால் அந்த ஆளுக்குரிய சொல்லையும் எழுத ஆரம்பித்தார். எழுதி எழுதிப் பார்த்தால் எழுத்துப்பிழை வராது என்பது அவர் எண்ணம். கண்ணாடி தயாரானதும் சீட்டைக் கிழித்துவிடுவார்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் முதலாளி ஒரு பெண்ணுக்குக் கண்ணாடியைப் பெட்டியோடும் சீட்டோடும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் சுற்றுலா வழிகாட்டி. பஸ்ஸில் மைக்கைப் பிடித்தால் இறங்கும்வரை பேசுகிறவர். கடைக்கு வந்தாலும் பேச்சு நிற்காது. சீட்டில் அண்ணி எழுதியிருந்தது 'காரலஸ்', அதாவது வாயாடி.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அந்தப் பெண் சீட்டைப் புதுக் கண்ணாடியின் முன்னால் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். முதலாளி புரியாமல் சிரித்த முகமாக நின்றிருந்தார். "எனக்கு அப்படியே தரை பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்தது" என்று அண்ணி பிறகு சொன்னார்.

"இது யார் எழுதினது?"

"நான்தாங்க. மன்னிச்சுக்கங்க. தேர்வுக்குப் படிக்கறேன், அதுக்காக..."

"பேரு பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஸ்பெல்லிங் தப்பு" என்றார் அந்தப் பெண். "ஆர்தான் ரெண்டு. எல் ஒண்ணே ஒண்ணு. நீங்க ரெண்டு எல் போட்டு என்னை இன்னும் கொஞ்சம் நீளமாப் பேச வெச்சிட்டீங்க."

முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சுண்டியது. "வர்றவங்களைத் திட்டி எழுதறதுக்கா உனக்குப் பென்சில் வாங்கிக் குடுத்தேன்?" என்றார். வழிகாட்டிதான் நடுவில் புகுந்து, "விடுங்க சார், என்னை வீட்டுல தமிழ்லயே சொல்றாங்க" என்று சமாதானம் செய்தார். சீட்டைத் திருப்பித் தராமல் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அண்ணி அன்றே சின்ன நோட்டு ஒன்று வாங்கி, அதில் பெயர் இல்லாமல் சொல்லை மட்டும் எழுதத் தொடங்கினார்.

எழுத்துப்பிழைதான் அவருக்குக் கடைசிவரை தொல்லை. அதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை கட்டினோம். தங்குமிடத்துக்கான 'அகாமடேஷனில்' ரெண்டு சி, ரெண்டு எம். "ரெண்டு சித்தியும் ரெண்டு மாமாவும் சேர்ந்து வந்தாலும் தங்க இடம் இருக்கணும்" என்றார் அண்ணி. 'செபரேட்' என்றால் பிரிந்து போவது, நடுவில் வரும் எழுத்து ஏ. அது, பிரிந்து போகிறவளைப் பார்த்து "ஏ, நில்லு" என்று கூப்பிடுகிற ஏ. 'கமிட்டியில்' எம், டி, இ மூன்றும் ரெண்டு ரெண்டாக வரும், ஏனென்றால் கமிட்டியில் ஒரு ஆள் வேலையை ரெண்டு பேர் பார்ப்பார்கள். இது நான் சொன்னது. எனக்கு இன்றைக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனால் எழுத்துப்பிழையில் எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டவன் அண்ணன்தான். ஒருநாள் நான் ஜுரத்தில் படுத்திருந்தேன். டிக்டேஷன் போட ஆள் இல்லை என்று அண்ணி அவனைப் பிடித்து உட்கார வைத்தார். அவன் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவன். எந்த எழுத்துக்கும் மரியாதைக் குறைவு செய்யமாட்டான். 'நாலெட்ஜ்' அவன் வாயில் 'க்னோவ்லெட்ஜ்' ஆனது. 'வென்ஸ்டே', 'வெட்னெஸ்டே' ஆனது. 'ரெஸ்டாரன்ட்' 'ரெஸ்டவ்ரன்ட்' ஆனது. ரெண்டு தரப்புக்கு இடையில் தொடர்பு என்று அர்த்தம் வரும் 'லியேசானை' அவன் 'லியாய்சன்' என்று படித்தபோது நான் ஜுரத்தோடு எழுந்து உட்கார்ந்து சிரித்தேன்.

"என்ன சிரிப்பு? இருக்கறதைத்தானே படிக்கறேன்" என்றான்.

அண்ணி சிரிக்கவில்லை. நோட்டைப் பார்த்தபடி, "இருபத்தஞ்சுக்கு இருபத்துநாலு சரி" என்றார். நான் சரியான உச்சரிப்பில் சொன்னபோதெல்லாம் அவர் பதினைந்தைத் தாண்டியதே இல்லை. அன்றிலிருந்து டிக்டேஷன் அண்ணன் பொறுப்பு. அவன் காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன் இருபது நிமிஷம் கட்டாயம் படிக்க வேண்டும். "ஊர்ல பொண்டாட்டியைப் படிக்க வெக்கறவனைத்தான் பார்த்திருக்கேன். இங்க பொண்டாட்டி என்னைப் படிக்க வெக்கறா" என்று முனகிக்கொண்டே படிப்பான். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனபோது அவனே வந்து, "என்ன, இன்னிக்கு இல்லையா?" என்று கேட்டான்.

மரபுத்தொடர்களில் அண்ணிக்கு வேறு சிக்கல். அவருக்கு நியாயம் வேண்டும். "பீன்ஸைக் கொட்டினா ரகசியம் எப்படி வெளிய வரும்? வாளியை உதைச்சா எப்படிச் சாவான்?" என்று என்னோடு சண்டைக்கு வருவார்.

"விஷயத்தைப் போட்டு உடைச்சிட்டான்னு நாம சொல்றோமே, என்ன உடையுது? மண்டையைப் போட்டுட்டாருன்னு சொல்றோமே, எங்க போட்டாரு?" என்று கேட்டேன்.

அண்ணி யோசித்தார். "அதானே" என்றார். அன்று முழுக்க அவருக்கு அதே நினைப்பு. கடையில் கண் சம்பந்தமான தொடர்களாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வந்தார். கண்டும் காணாமல் இருப்பதற்கு ஒன்று, கண்ணை மூடித் திறப்பதற்குள் என்பதற்கு ஒன்று. எல்லாவற்றையும்விட அவர் குதூகலப்பட்டது 'ஐவாஷ்' என்ற சொல்லுக்கு. "கண்துடைப்பு. நாம சொல்ற அதே கண்துடைப்பு" என்று வாசலிலேயே நின்று சொன்னார்.

அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்ப எல்லா ஊர்லயும் ஆபீஸ் ஒரே மாதிரிதான் நடக்குது" என்றான்.

இதற்கிடையில் எனக்கும் கணக்கு நடந்தது. வட்டி, விகிதம், வேகம், தூரம் எல்லாவற்றையும் அண்ணி கண்ணாடி லென்ஸ் மாதிரி ஒவ்வொன்றாக மாட்டி, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கட்டத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

தேர்வு அறிவிப்பு ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. அண்ணிக்கு வயது வரம்பு முடிய இரண்டே மாசம் பாக்கி. ரெண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் இடம், அடுத்தடுத்த அறைகள். உள்ளே போகும் முன் அண்ணி என் கையைப் பிடித்தார். "இது போச்சுன்னா எனக்கு இனிமே கிடையாது. ஆனா நல்லாப் படிச்சோம், இல்ல?" என்றார். நான் தலையாட்டினேன்.

அறைக்குள் நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். நாலு விதமாக எழுதி எது சரி என்று கேட்ட கேள்வியில் அந்தத் 'தொடர்பு' என்ற சொல் வந்திருக்கிறது. அண்ணி கண்ணை மூடி, உதட்டை அசைத்து, "லி... யாய்... சன்" என்று அண்ணன் குரலிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறார். மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, "வாயை மூடிட்டு எழுதுங்கம்மா" என்றாராம். கூச்சத்தில் காது சூடானாலும் சரியான விடைக்குக் கோடு போட்டுவிட்டுத்தான் மூடினாராம்.

மூன்று மாசத்தில் முடிவு வந்தது. அண்ணிக்கு இங்கிலீஷில் முப்பத்தாறு, கணக்கில் நாற்பத்தைந்து. தேர்ச்சி.

எனக்குக் கணக்கில் முப்பத்தெட்டு. இங்கிலீஷில் பதினெட்டு.

கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது. இங்கிலீஷும் கணக்கும் ஒரே வினாத்தொகுப்பில், ஒரே நேர அளவில் இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கு வருகிறது என்ற மயக்கத்தில் நான் அதிலேயே மூழ்கிப்போய், ஒவ்வொன்றையும் ரெண்டு முறை சரிபார்த்து ரசித்துக்கொண்டிருந்துவிட்டேன். இங்கிலீஷ் எங்கே ஓடிவிடும் என்று கடைசிக்கு வைத்தேன். அதற்குக் கையில் இருந்தது பத்து நிமிஷம்.

வீட்டில் யாருக்கும் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அண்ணன் வாங்கிவந்த இனிப்புப் பெட்டி பிரிக்காமல் மேஜை மேல் கிடந்தது. நான் ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பொறாமை என்று சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் காலையில் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேட்கவா? முப்பத்தெட்டு எடுத்தியே, அது எப்படி இருந்தது?"

யோசித்துப் பார்த்தேன். "நல்லா இருந்தது அண்ணி" என்றேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம்தான் பெட்டியைப் பிரித்தோம். இரண்டு நாளில் கொஞ்சம் காய்ந்திருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

அண்ணி கடையில் சொல்லிக்கொண்டு விடைபெற்ற அன்று, முதலாளி அவருக்கு ஒரு பேனா கொடுத்தார். "அங்கயாவது யாரையும் திட்டி எழுதாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அவருக்குக் கிடைத்தது கடிதப் போக்குவரத்துப் பிரிவு. சேர்ந்த ரெண்டாம் வாரம், கண்காணிப்பாளர் கையெழுத்துக்குத் தயாராக இருந்த கடிதம் ஒன்றில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. புது ஆள் சொல்லலாமா கூடாதா என்று ஒரு முழுநாள் தவித்திருக்கிறார். மறுநாள் காலை போய் மெதுவாகச் சொல்ல, கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, "பத்து வருஷமா இப்படித்தான் போயிட்டிருக்கு. ஒருத்தரும் சொன்னதில்ல" என்றாராம். அதிலிருந்து பிரிவில் எந்த இங்கிலீஷ் கடிதமும் அண்ணி மேஜையைத் தொடாமல் வெளியே போவதில்லை. பக்கத்துப் பிரிவிலிருந்தும் தாளை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

அடுத்த தேர்வில் நான் இங்கிலீஷை முதலில் எழுதினேன். தேறினேன். அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி, பதிவேடுகள் பிரிவு. காலையில் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். இப்போது பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு ஒன்று இருக்கிறது, அதற்கு வழியிலேயே படித்துக்கொள்கிறோம். அதில் விதிமுறைகள்தான் முழுக்க, இங்கிலீஷ் பேப்பர் கிடையாது. அண்ணிக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.